கர்னலின் பொத்தான்கள்

மாலை ஏழு மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு ரோடு போகும்... ஒரு பக்கம் நீளமான மதில், இன்னொரு பக்கம் பாழாய்க் கிடக்கிற தண்டவாளம். கடை கிடையாது, வீடு கிடையாது. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு எரியாது. அந்த ரோட்டில் ஒரு மனிதர் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் ஒரு பழைய போட்டோ.

டிக்.

ஏதோ கீழே விழுந்தது. குனிந்து தேடினார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. சட்டையைத் தொட்டுப் பார்த்தார்... கழுத்துப் பொத்தானைக் காணோம்.

இருங்கள். இப்படி நடுவிலிருந்து சொன்னால் உங்களுக்குப் புரியாது. மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளுங்கள், அங்கே காற்று அடிக்கிறது. கரண்ட் இப்போதைக்கு வருகிற மாதிரி தெரியவில்லை. இந்த வீட்டுக்கார நண்பன் யாரையோ அழைத்துவர பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். ஏனென்றால் இது அவனுடைய அத்தானின் கதை, அவன் அக்காவைக் கட்டியவரின் கதை. அதனால்தான் நான் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அவன் தலை தெரிந்ததும் பேச்சை மாற்றிவிடுவேன், நீங்களும் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிட வேண்டும். என்னிடம் இதைச் சொன்னபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். கடைசியில், "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதடா, எங்க வீட்டு மானமே போயிடும்" என்றான்.

"அப்புறம் எங்ககிட்ட எதுக்குச் சொல்றே?" என்று கேட்கிறான் நம் மருந்துக்கடைக்காரன்.

நல்ல கேள்விதான். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் என்ன வெளி ஆளா? தவிர, பேய்க்கதை கேட்டு என்னைப் பிடுங்கி எடுத்தது நீதானே. பேசாமல் கேள்.

அந்த அத்தானுக்கு வீட்டில் கர்னல் என்று பேர். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பட்டாசு வெடித்தாலே உள்ளே போய்விடுகிற ஆள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சின்னக் கடைதான், ஆனால் வேலை சுத்தம். அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடி மூக்கில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கண்ணைச் சோதித்துப் பவர் சொன்னால் பெரிய டாக்டரே மறுபேச்சுப் பேச மாட்டார். அப்படி ஒரு பேர்.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ராணுவக்காரர்களின் படங்களைச் சேர்ப்பார். அந்தக் காலத்தில் கேமரா புதுசு. சண்டைக்குக் கிளம்புகிற அதிகாரி ஸ்டூடியோவுக்குப் போய், வாளைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார். உள்ளங்கை அளவுக்கு ஒரு தடித்த அட்டையில் அதை ஒட்டித் தருவார்கள். அதில் கையெழுத்துப் போட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். பல பேர் திரும்பி வந்ததில்லை. கையெழுத்து இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் கர்னல் தொட மாட்டார்.

"கையெழுத்து இருந்தா அந்த ஆளே இந்த அட்டையைக் கையில பிடிச்சிருக்கான்னு அர்த்தம். அவன் கை பட்ட இடத்துல என் கை படுது பாருங்க..." என்பார். சொல்லும்போது கண் பளபளக்கும். அக்கா உள்ளேயிருந்து, "அப்படியே அவன் துணியையும் துவைச்சுப் போடுங்க" என்று குரல் கொடுப்பாள்.

ஒரு பெரிய ஆல்பம் வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அட்டையைச் செருகுகிற மாதிரி ஜன்னல் வெட்டியிருக்கும். எல்லா ஜன்னலும் நிறைந்திருந்தது, கடைசிப் பக்கம் மட்டும் காலி. அங்கே பென்சிலால் ஒரு படைத்தலைவரின் பெயரைக் குறித்து வைத்திருந்தார். அந்த மனிதருக்குக் கேமரா என்றாலே ஆகாதாம். ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் படம் எடுத்துக்கொண்டாராம். அவர் கையெழுத்தோடு அந்தப் படத்தை, இப்படிச் சேர்க்கிறவர்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வேறு காகிதங்களில் இருந்த அவருடைய கையெழுத்தை மட்டும் கர்னல் மனப்பாடமாக வைத்திருந்தார். சாப்பிடும்போது விரலால் மேஜையில் போட்டுப் பார்ப்பாராம். பல வருஷம் அந்தப் பக்கம் அப்படியே கிடந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். விருந்தாளி வந்தால் அவர் தவறாமல் சொல்கிற ஒரு கதை இருந்தது. "மானக்கேடான காரியம் பண்ண அதிகாரியைச் சில படையில கொல்ல மாட்டாங்க தெரியுமா? மைதானத்துல நிக்க வெச்சு, மொதல்ல சட்டை பட்டனை ஒவ்வொண்ணா அறுப்பாங்க. அப்புறம் கூட இருந்தவங்க எல்லாம் ஒருத்தர் ஒருத்தரா திரும்பி முதுகைக் காட்டுவாங்க. கடைசியாத் திரும்புறது படைத்தலைவர். அதோட சரி. அப்புறம் அவன் இருந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான்." இதைச் சொல்லிவிட்டு இன்னொரு தடவை பரிமாறிக்கொண்டு ருசித்துச் சாப்பிடுவாராம்.

சரி. இப்போது டைப் டீச்சர்.

டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. வயதானவர், தனியாக இருந்தார். ஒருநாள் கர்னலின் கடைக்கு வந்தார். பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். அட்டையில் ஒட்டிய பழைய படம். தாடி வைத்த ஒரு மனிதர், ஒரு கால் விறைத்தாற்போல் நீட்டியிருக்க, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

டீச்சருடைய கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்குகிற கூலியாளாக இருந்தவராம். ஒரு பெரிய அதிகாரியை ராத்திரி முழுக்க முதுகில் சுமந்து காப்பாற்றினார் என்றும், அவர்தான் இந்தப் படத்தைக் கொடுத்தார் என்றும் டீச்சரின் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பாராம். தெருவே சிரிக்குமாம். அவர் நடந்து போனால் பின்னாலிருந்து, "ஏய், என்னையும் கொஞ்சம் தூக்கிட்டுப் போயேன்" என்று பையன்கள் கத்துவார்களாம். பள்ளிக்கூடத்தில் டீச்சரையும் அப்படித்தான். அப்பா சொன்னது நிஜமா, அளப்பா என்று டீச்சருக்கே தெரியாது. படம் ஒரு சட்டத்துக்குள் ஆணி அடித்து மூடிக் கிடந்தது. வீடு மாற்றும்போது சட்டம் விழுந்து உடைந்தது. அப்போதுதான் பார்த்தார்... அட்டையின் பின்பக்கம் நூல் நூலாக ஏதோ எழுதியிருக்கிறது.

"என் கண்ணு போயிட்டே இருக்கு தம்பி. இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் மொத்தமா இருட்டுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள இதை ஒரே ஒரு தடவை படிச்சுடணும். அதுக்குத் தகுந்த மாதிரி ஒரு கண்ணாடி போட்டுக் கொடுங்க."

கர்னல் அட்டையைத் திருப்பினார். பூதக்கண்ணாடியை வைத்தார். தங்க எழுத்தில் ஸ்டூடியோவின் பெயர், அதற்குக் கீழே பழுத்துப்போன மையில் சாய்வான கையெழுத்து... பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். மேஜையில் விரலால் எழுதி எழுதிப் பார்த்த அதே கையெழுத்து. அதற்கு மேலே ஒரு வரி. 'என்னைத் தன் முதுகில் சுமந்து வந்தவருக்கு, இந்த உயிர் அவர் தந்தது.' பக்கத்தில் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயர். தப்பும் தவறுமாக, ஆனால் முழுசாக.

"நீங்க படிச்சுச் சொல்லிடாதீங்க தம்பி" என்று டீச்சர் அவசரமாகக் கையை நீட்டி மறைத்தார். "நல்லதோ கெட்டதோ, நானே படிச்சுக்கறேன்."

கண்ணைச் சோதித்தார். லென்ஸை மாற்றி மாற்றிப் போடுகிற அந்தக் கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒன்றொன்றாகச் செருகிக்கொண்டே வந்தார். ஒரு லென்ஸ் போட்டதும் டீச்சர், "ஆ... அந்தக் குட்டி எழுத்து தெரியுது தம்பி! கீழ் வரிசைகூடத் தெரியுது!" என்று குழந்தை மாதிரி கை தட்டினாராம். கர்னலும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அதைவிடக் குறைந்த பவரைச் சீட்டில் எழுதினார்.

ஆமாம். வேண்டுமென்றேதான்.

என்ன, எல்லாரும் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்? பேய் இன்னும் வரவே இல்லை, அதற்குள் இவ்வளவு. அந்த அம்மா கண்ணாடிக்கு வந்த இடத்தில் இவர் கண்ணையே மறைத்தார். அதுவும் எதற்கு? ஆல்பத்தில் ஒரு ஜன்னலை அடைப்பதற்கு.

கண்ணாடி தயாரானதும் டீச்சர் வந்தார். அன்றைக்கு மழை. போட்டுக்கொண்டு அட்டையைத் தூக்கிப் பிடித்தார். கிட்டே கொண்டு வந்தார், தள்ளிப் பிடித்தார், வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தார்.

"கலங்கலாவே இருக்கே தம்பி. அன்னிக்குச் சோதிச்சப்போ நல்லாத் தெரிஞ்சுதே?"

"அன்னிக்கு லைட் வெளிச்சம் அதிகம் டீச்சர். இதுக்கு மேல பவர் ஏத்த முடியாது."

டீச்சர் இன்னொரு தடவை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அட்டையை அவரிடமே நீட்டினார். "அப்போ நீங்களே படிச்சுடுங்க."

கர்னல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பது போல் பார்த்தார். "ஸ்டூடியோக்காரன் விளம்பரம் டீச்சர். 'இங்கே படங்கள் நேர்த்தியாக எடுத்துத் தரப்படும்'னு போட்டிருக்கு. கீழ அவன் கையெழுத்து. அவ்வளவுதான்."

டீச்சர் சிரித்தாராம். சிரித்துவிட்டு, "பாவம் எங்கப்பா... கடைசி வரைக்கும் நம்பிட்டே போயிட்டார்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். கர்னல் மெதுவாகக் கேட்டார், "பழைய படம்னா எனக்குப் பிடிக்கும். இதை நான் வெச்சுக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க தம்பி. விளம்பரத்தை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? நீங்களாவது சிரிக்காமக் கேட்டீங்க, அது போதும்."

அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான், மாலை ஏழு மணிக்கு, கிடங்குக்குப் பின்னால் அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். கழுத்துப் பொத்தான் விழுந்தது. சரி, நூல் இற்றுப்போயிருக்கும் என்று நடந்தார். கொஞ்ச தூரம்... டிக். அடுத்தது. இந்தத் தடவை அது ஈர ரோட்டில் உருண்டு போகிற சத்தம்கூடக் கேட்டது. டிர்ர்ர்... நின்றுவிட்டது. பின்னால் காலடிச் சத்தம் எதுவும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்ததாம். யாராவது துரத்தினால் ஓடலாம். அங்கே ஒரு வாசனை மட்டும்தான் கூடவே வந்தது. பூட்ஸ் பாலிஷ் வாசனை, அதோடு நனைந்த கம்பளி. நெஞ்சுக்கு நேராக எதுவோ சில்லென்று பட்டது, ஒரு மெல்லிய கத்தியைப் படுக்க வைத்த மாதிரி. டிக்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சட்டை மொத்தமும் திறந்து கிடந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன கர்னல், யார்கூடச் சண்டை?" பிறகு தைத்துக் கொடுக்கலாம் என்று சட்டையை எடுத்தவள் சிரிப்பதை நிறுத்தினாள். நூல் பிய்ந்த மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் ஒரே சீராக, பிளேடால் அறுத்த மாதிரி இருந்தது.

கர்னல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனசெல்லாம் அந்தக் கடைசி ஜன்னலில் இருந்தது. படத்தைச் செருகினார். தூரத்தில் நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். சாப்பாடுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

காலையில் திறந்து பார்த்தால்... முதல் பக்கத்தில் ஒரு குதிரைப்படை அதிகாரி. மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பவர். அவருடைய மீசையைக் காணோம்.

முகத்தையே காணோம். பின்னந்தலைதான் தெரிந்தது. ஒட்ட வெட்டிய முடி, கழுத்துப் பட்டி, முதுகில் குறுக்கே போகிற வார். அட்டை தலைகீழாகவோ பின்பக்கமாகவோ செருகப்படவில்லை. அதே ஸ்டூடியோ, அதே திரை, அதே பூஜாடி, கீழே அதே கையெழுத்து. ஆள் மட்டும் திரும்பி நிற்கிறார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார் கர்னல். கழுத்துப் பட்டிக்கு மேல் மழித்த தோல்கூடத் தெளிவாகத் தெரிந்ததாம்.

மறுநாள் இன்னொருவர். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். தினமும் அக்கா பொத்தான் தைத்துக் கொடுப்பாள், சாயங்காலம் அறுந்த நூலோடு வருவார். முதலில் நூல்கண்டை மாற்றிப் பார்த்தாள். பிறகு அவள் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது ஆல்பத்தைத் திறந்து பார்த்தாள். வரிசையாக முதுகுகள். அவர் வந்ததும், "என்ன பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள். விருந்தாளிகளுக்குச் சொல்கிற கதையை அவளும் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்!

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லும்போது அழுதாராம். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "அந்தம்மாவுக்குக் கண்ணு இருக்கறப்பவே போயிடுங்க. படத்தைக் கொடுங்க, சரியான கண்ணாடியைக் கொடுங்க, கால்ல விழணும்னா விழுங்க" என்றாள்.

"நாளைக்குப் போறேன்" என்றார்.

அந்த நாளைக்கு வரவே இல்லை. கடையில் ஆள் இல்லை என்பார். மழை என்பார். சரியான பவரில் கண்ணாடியைத் தயார் செய்து பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு டீச்சரின் தெருமுனை வரைக்கும் போவார். அங்கே நின்று அந்த அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்ப்பார். உடம்பெல்லாம் கூசும். திரும்பி வந்துவிடுவார். பயத்தால் இல்லை என்று நண்பன் சொன்னான், வெட்கத்தால். பேய்க்கு முன்னால்கூட நின்றுவிடலாம் போலிருக்கிறது, நம்மை நல்லவன் என்று நம்புகிறவர்களுக்கு முன்னால் நிற்கத்தான் முடிவதில்லை.

ஆல்பத்தில் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் அந்தத் தாடிக்காரர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகத் திரும்புவது யார் என்று கர்னலுக்குத் தெரியும். ஒரு காலையில் பார்த்தபோது அவர் உட்கார்ந்திருக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, விறைத்த காலோடு, எழுந்து நின்றிருந்தார்.

அன்றைக்கே ஓடினார் டீச்சர் வீட்டுக்கு.

ஒரே அறை. ஜன்னலோரம் உறை போட்ட டைப்ரைட்டர், பக்கத்தில் நாற்காலியில் டீச்சர். "கண்ணாடிக்காரத் தம்பியா? வாங்க வாங்க. செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே தெரிஞ்சுது" என்றார். அந்த அம்மா அவர் இருந்த பக்கம் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். முழு இருட்டு வந்துவிட்டது. பையில் இருந்த கண்ணாடியால் இனி ஒன்றும் ஆகாது.

இருந்தாலும் ஒரு வழி பாக்கி இருந்தது. அட்டையின் பின்னால் இருக்கிற அந்த வரியை வாய்விட்டுப் படித்தால் போதும். அவ்வளவுதான் வேலை. ஆனால் படித்தால், அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்பார். கண்ணாடி ஏன் கலங்கலாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கண் இருந்தபோது நான்தான் மறைத்தேன் என்று, கண் போனபிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

டீச்சர் வேறு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் உங்களைப் பத்திச் சொல்லுவேன் தம்பி. எவ்வளவு பொறுமையா ஒரு கிழவி சொன்ன கதையைக் கேட்டார்னு..."

"இந்தப் படத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்னு வந்தேன்" என்றார் கர்னல். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அந்த விளம்பரத்தையா?"

வாயைத் திறந்தார். தாடிக்காரர் கையில் இருந்தார், நின்றுகொண்டு, நேராக அவர் கண்ணைப் பார்த்தபடி.

"ஆமா" என்றார் கர்னல்.

படத்தை டைப்ரைட்டர் மேல் சாய்த்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். செருப்பை மாட்டும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அட்டையில் அகலமான ஒரு முதுகு. நாற்காலியில் டீச்சர், இன்னும் அன்பாக ஏதோ பேசிக்கொண்டேதான் இருக்கிறார்... ஆனால் நாற்காலியோடு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார். எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை. சத்தமே வரவில்லை.

அதற்குப் பிறகு மனிதர்களும் முதுகைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

யாருக்கும் அவர் மேல் கோபம் கிடையாது. யாரும் தெரிந்து செய்யவும் இல்லை. அக்கா எப்போதும் போலப் பரிமாறுவாள், பேசுவாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. கண்ணைச் சோதிக்க வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மெல்லத் திரும்பிக் காலண்டரைப் பார்ப்பார்கள். "சார், இந்தப் பக்கம் பாருங்க" என்றால், "பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்பார்கள். கண்ணே பார்க்காத இடத்தில் கண்ணாடி எப்படி விற்பது? கடையை மூடிவிட்டார். முடி வெட்டுகிறவர் ஒருத்தருக்குத்தான் பிரச்சனை இல்லை, அவர் எப்படியும் பின்னால் நின்றுதான் வெட்டுகிறார். முகம் மழிக்க மட்டும் அவரால் முடியவில்லை.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன். அப்போது நண்பன் சொன்னான், "எங்க அத்தான் முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாச்சுடா. இப்ப எப்படி இருப்பார்னே தெரியலை."

இப்போது அவர் பொத்தான் வைத்த சட்டையே போடுவதில்லை. தலை வழியாக மாட்டுகிற பனியன்தான். அதில் அறுக்க ஒன்றும் இல்லை.

"அந்த டீச்சர்கிட்ட வேற யாராவது போய் விஷயத்தைச் சொல்லிட்டா முடிஞ்சு போச்சே?" என்கிறார் நம் அடுத்த வீட்டு அக்கா. நானும் அதையேதான் கேட்டேன். நண்பன் போயிருக்கிறான். படம் இன்னும் டைப்ரைட்டர் மேல்தான் சாய்ந்து இருக்கிறது. எடுத்துப் பின்பக்கம் பார்த்தானாம். ஸ்டூடியோ பெயர் மட்டும் இருந்தது. அந்த வரியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சரி என்று, அத்தான் செய்ததை வாய்மொழியாகவே சொல்லிப் பார்த்தான். டீச்சருக்கு வந்ததே கோபம். "அந்த நல்ல மனுஷனைப் பத்தி என் வீட்டுல உக்காந்து இப்படிப் பேசாதீங்க" என்று அவனை வெளியே அனுப்பிவிட்டார். அத்தான் தன் வாயால் சொன்னால்தான் உண்டு. அவரும் ஒவ்வொரு தடவையும் கிளம்புகிறார்... தெருமுனை வரைக்கும் போகிறார்...

என்ன அது? கேட் சத்தம்.

வந்துவிட்டான் போலிருக்கிறது. சரி, எல்லாரும் வேறு ஏதாவது பேசுங்கள். மருந்துக்கடைக்காரா, ஏதாவது ஜோக் சொல்லு. ஏன் வாயை மூடிக்கொண்டாய்?

படியில் காலடிச் சத்தம். இரண்டு பேர்.

"வாங்க அத்தான், கரண்ட் இல்லை, பாத்து ஏறுங்க. இன்னிக்கு இங்கயே தூங்குங்க, நாளைக்குக் காலையில நானே உங்களை டீச்சர் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன். நம்ம ஆளுங்கதான் உள்ள இருக்காங்க, கூச்சப்படாதீங்க." நண்பனின் குரல். ஆனால் அவன் கேட்டைப் பார்த்தபடி பேசுகிற மாதிரி இருக்கிறது.

காலடி வாசலில் நிற்கிறது. பூட்ஸ் பாலிஷ்... நனைந்த கம்பளி. உங்களுக்கும் அடிக்கிறதா?

ஒரு நிமிஷம். நான் கதவைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருந்தேன். மெழுகுவர்த்தி என் முன்னால்தானே இருந்தது. அப்படியென்றால் என் நிழல் எப்படி எனக்கு முன்னால், சுவரில் விழுகிறது? பக்கத்தில் உன் நிழல், மருந்துக்கடைக்காரா. அதற்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு அக்காவின் நிழல். எல்லாரும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம். எப்போது திரும்பினோம்?

"பரவால்ல... பரவால்ல" என்கிறது ஒரு குரல் பின்னாலிருந்து, ரொம்பப் பணிவாக. "நீங்க பேசிட்டிருங்க. நான் இங்க வாசலோரமாவே உக்காந்துக்கறேன்."

யாராவது ஒருத்தர் திரும்பி, "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று சொல்லுங்களேன். பாவம், எவ்வளவு நேரம் வாசலிலேயே இருப்பார். கழுத்து பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. திரும்பலாம். நானும் திரும்பலாம். இவ்வளவு நேரம் அவர் கதையை வைத்து உங்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்தேனே, எனக்கு வெட்கமாக இருக்கிறது, காதெல்லாம் சுடுகிறது. ஆனாலும் திரும்பவில்லை. நீங்களும் திரும்பவில்லை.

டிக்.

தரையில் ஏதோ விழுந்து உருண்டு, சுவரில் முட்டி நிற்கிறது. வட்டமாக, வெள்ளையாக. அவர் போட்டிருப்பது பனியன் என்று இப்போதுதானே உங்களிடம் சொன்னேன்...

கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். என் சட்டைதான்.